பதினான்காம் வரிசை: கால்பந்து மைதானங்களைத் தேடி ஒன்பது நாட்கள்

மார்ச் 13 – லண்டன், விம்பிள்டன்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இங்கிலாந்தின் பெரிய கிளப் ஒன்றின் ஆட்டம், அதைச் சுற்றி நான்கைந்து மைதானங்கள் என்று திட்டம் போட்டிருந்தேன். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்டத்தை ஞாயிறு மாலை நாலரைக்கு மாற்றிவிட்டார்கள். பணம் திரும்பக் கிடைக்காத ரயில் டிக்கெட்டும் ஓர் இரவு அறை வாடகையும் சேர்ந்து 94 பவுண்டு நஷ்டம். அதனால் காலியான சனிக்கிழமைதான் இந்தப் பயணத்தின் போக்கையே மாற்றியது.

இருபத்தைந்து ஆண்டுகளாகத் திரையில் மட்டுமே கால்பந்து பார்த்தவன் நான். லண்டனில் இறங்கிய முதல் நாளே, பெரிய கிளப்புகளை விட்டுவிட்டு விம்பிள்டனின் மைதானமான பிளவ் லேனுக்குப் போனேன். பழைய விம்பிள்டன் கிளப் 1988-இல் லிவர்பூலை 1-0 என்று வென்று இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. பிறகு அதன் உரிமையாளர்கள் கிளப்பை அப்படியே பெயர்த்து மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். 2002 மே மாதம் மூவர் குழு ஒன்று, இருவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் சில வாரங்களுக்குள் புதிய கிளப் தொடங்கி, ஊர்ப் பொதுவெளியில் ஆள் தேர்வு வைத்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தார்களாம். இங்கிலாந்தில் கிளப்புகள் மேலிருந்து கீழாகப் பல நிலைகளில் ஆடுகின்றன. ஒன்பதாம் நிலைப் போட்டியில் தொடங்கிய அந்தப் புதிய கிளப், ஏ.எஃப்.சி. விம்பிள்டன், 2011-இல் மேல் நான்கு நிலைகளுக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில், தொற்றுக் காலத்தில், பிளவ் லேனில் புதிய மைதானத்தைத் திறந்தது.

வாயில் பூட்டியிருந்தது. மழைத் தூறலில் கம்பி வழியே பச்சைப் புல்லைச் சற்று நேரம் பார்த்தேன். நாயோடு நடந்துவந்த ஒருவர் நின்று, “உள்ளே பார்க்க வேண்டுமா? கடைக்குப் பக்கத்தில் கேளுங்கள், விடுவார்கள்” என்றார். கடையும் மூடியிருந்தது. அவருக்கு என்னைவிட வருத்தம்.

மார்ச் 14 – மான்செஸ்டர், மோஸ்டன்

காலியான சனிக்கிழமைக்கு வழி தேடியபோதுதான் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் நினைவுக்கு வந்தது. நகரின் நடுவிலிருந்து பஸ் பிடித்து மோஸ்டனில் இறங்கினால், வீடுகளுக்கு நடுவே பிராட்ஹர்ஸ்ட் பார்க். ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத மைதானம். நுழைவு 13 பவுண்டு. இறைச்சி அடைத்த பை ஒன்றும் தேநீரும் சேர்த்து 6 பவுண்டு. பையின் சூட்டில் விரல்களைக் காய்ச்சிக்கொண்டே சாப்பிட்டேன். காற்று அப்படி அடித்தது.

2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். ஒரு வீட்டை வாங்க ஒருவர் கடன் எடுத்து, அந்தக் கடனை வீட்டில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் தலையில் எழுதிவைப்பதை எண்ணிப் பாருங்கள். அதுவரை கடனே இல்லாதிருந்த கிளப், தன்னை வாங்கியவரின் கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கியது. சகிக்க முடியாத சிலர் அதே ஆண்டில் தொடங்கியதுதான் இந்தச் சிறு கிளப். உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஆயிரம் பவுண்டு போட்டவருக்கும் ஒன்றுதான். சட்டையில் விளம்பரம் கிடையாது. பருவம் முழுவதும் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களுக்கான சீசன் டிக்கெட்டுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. அதற்குமேல் அவரவர் முடிந்ததைக் கொடுக்கலாம்.

நுழைவாயிலில் நிகழ்ச்சிப் புத்தகம் விற்ற அம்மையாருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 31 ஆண்டுகள் சீசன் டிக்கெட் வைத்திருந்தாராம். 2005-இல் விட்டுவிட்டார். அவருடைய அண்ணன் விடவில்லை, இன்றும் போகிறார். “கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் எங்கள் வீட்டில் கால்பந்துப் பேச்சு கிடையாது” என்றார். சொல்லும்போது கையிலிருந்த சில்லறையை எண்ணிக்கொண்டே இருந்தார்.

ஆட்டத்தின் தரம் சுமார்தான். பந்து பாதி நேரம் வானத்தில் இருந்தது. ஆனால் தொண்ணூறு நிமிடமும் பாட்டு நிற்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வேலியோரம் வந்து கைகுலுக்கினார்கள். அவர்களில் ஒருவர் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று என் பக்கத்திலிருந்த சிறுவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைச் சொர்க்கம் என்று எழுத மாட்டேன். 2016-இல் இங்கேயும் கடும் சண்டை நடந்து நிர்வாகக் குழுவினர் பலர் விலக நேர்ந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது அம்மையார் மறைக்கவில்லை. “சண்டை போட்டோம். பிறகு வாக்குப் போட்டோம். மறுபடியும் சண்டை போட்டோம்.”

மார்ச் 15 – பெரிய கிளப்

ஊரின் பெயரையும் கிளப்பின் பெயரையும் எழுதப்போவதில்லை. எந்தப் பெரிய கிளப்பிலும் இப்போது இது நடக்கும்.

சாதாரண டிக்கெட் வெளியூர்க்காரருக்குக் கிடைப்பது அரிது. அதனால் விருந்தோடு சேர்த்து விற்கும் டிக்கெட்டை வாங்கியிருந்தேன்: 210 பவுண்டு. ஆட்டத்துக்கு முன் கண்ணாடி அறையில் வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு. பணியாளர் மிகவும் மரியாதையானவர். என் பெயரைச் சரியாக உச்சரிக்க மூன்று முறை முயன்றார். வெளியே, இரு அணிகளின் நிறமும் பாதிப் பாதியாக நெய்த கழுத்துத் துண்டு 15 பவுண்டுக்கு விற்றார்கள். என்னைப் போல ஒரு நாளுக்கு வந்தவர்கள்தான் வாங்கினார்கள்.

என் இருக்கை பதினான்காம் வரிசையில், எண் 112. மெத்தை போட்டது. எனக்குப் பின்னால் ஒரு கம்பித் தடுப்பு. அதற்குப் பின் பதினைந்தாம் வரிசையில் வெறும் பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே எழுபதைக் கடந்த ஒருவர் பதினோரு வயதுப் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். நான் அமர்ந்ததும் முன்னால் சாய்ந்து, “இருபதாவது நிமிடம் வாக்கில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். தொப்பி இல்லையென்றால் இந்த அட்டையை வைத்துக்கொள்ளுங்கள்” என்று நிகழ்ச்சித் தாளை நீட்டினார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“1986-இலிருந்து அது என் இருக்கை. பக்கத்தில் இருப்பது என் மனைவியுடையது.”

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியைப் பதினான்காம் வரிசைவரை மெத்தை இருக்கைகளாக மாற்றினார்கள். அங்கிருந்தவர்களுக்கு வேறு மூலைகளில் இடம் தந்தார்கள். இவர் கடிதம்மேல் கடிதம் எழுதி, தன் பழைய இடத்துக்கு நேர் பின்னால் வாங்கிக்கொண்டார். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் 112-ஆம் எண்ணில் புதிதாக ஒருவர் வந்து அமர்வதைப் பின்னாலிருந்து பார்க்கிறார்.

நான் எழுந்து அவரை முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டார். “கோபம் உங்கள்மேல் இல்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு அங்கே வேறொருவர் இருப்பார். முன்பெல்லாம் சுற்றியிருந்த இருபது பேரின் பெயரும் எனக்குத் தெரியும். யாராவது வரவில்லையென்றால் உடம்புக்கு என்னவோ என்று விசாரிப்போம்.”

அவர் சீசன் டிக்கெட்டின் கணக்கைச் சொன்னார். 19 ஆட்டங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 40 பவுண்டுகூட வராது. நான் ஒரே நாளில் அதைப்போல் ஐந்து மடங்குக்குமேல் கொடுத்திருக்கிறேன். அவர் வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்து சாப்பிடுகிறார்; நான் கடையில் சட்டை வாங்குவேன். கணக்கர் ஒருவர் எங்கள் இருவரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் யாரை வைத்துக்கொள்வார் என்பதில் சந்தேகமே இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொலைக்காட்சிச் சந்தா கட்டி, இந்த விளையாட்டை நேசிக்கிறேன் என்று நம்பியிருந்தவன் நான். ஆட்டத்தை ஞாயிறு மாலை நாலரைக்கு மாற்றியதற்கு மனம் நொந்தேனே, அந்த நேர மாற்றமே என் போன்ற தொலைதூரக் கண்களுக்காகச் செய்யப்பட்டதுதான்.

பேத்தியின் சட்டை முதுகில் ஒரு பெயர் இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து, எட்டு வயது முதல் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த வீரர். போன கோடையில் விற்றுவிட்டார்கள். இதற்கும் கணக்குதான் காரணம். வெளியிலிருந்து ஒருவரை 10 கோடி பவுண்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், செலவு ஆண்டுக்கு 2 கோடியாகப் பிரிந்து ஏட்டில் ஏறும். சொந்தப் பள்ளியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. விற்றால் வந்த தொகை முழுவதும் அந்த ஆண்டின் லாபம். எல்லாவற்றுக்கும் மேல் நிலையான பிரீமியர் லீக்கின் விதிப்படி மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்குமேல் நஷ்டம் காட்டக்கூடாது என்றிருந்ததால், எல்லைக்கு அருகே வந்த கிளப்புகள் முதலில் கை வைத்தது இப்படிப்பட்ட உள்ளூர்ப் பிள்ளைகள்மேல்தான். லிவர்பூல் நகரின் எவர்டன் கிளப் அந்த எல்லையைத் தாண்டி 2023-இல் 10 புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. விதியின் நோக்கம் நல்லது. விளைவாக வந்தது, இந்தச் சிறுமியின் முதுகில், கிளப்பில் இப்போது இல்லாத ஒருவரின் பெயர்.

“சட்டையை மாற்றலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்” என்றார் தாத்தா. அவள் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, “அவர் திரும்பி வருவார்” என்றாள்.

இருபதாவது நிமிடத்தில் வெயில் கண்ணில் அடித்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 16 – லிவர்பூல்

இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிற்றுண்டிச் சாலையில் ஸ்கவுஸ் சாப்பிட்டேன். இறைச்சியும் உருளைக்கிழங்கும் குழைய வேகவைத்த குழம்பு. பக்கத்தில் ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். 9 பவுண்டு. உடம்புக்குள் வெயில் இறங்கியதுபோல் இருந்தது.

லிவர்பூல் கிளப்பின் மைதானமான ஆன்ஃபீல்டில் முதலில் ஹில்ஸ்பரோ நினைவிடத்துக்குப் போனேன். 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்துக்கு ஒரு ஆட்டத்தைப் பார்க்கப் போய் நசுங்கி இறந்த, காயங்களால் பின்னர் இறந்த 97 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. ரசிகரைக் கூட்டமாகவும் தொல்லையாகவும் மட்டும் பார்த்த காலத்தின் விலை அது. ஒருவர் வந்து ஒரு பெயரைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போனார். நான் படம் எடுக்கவில்லை.

இங்கே எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒரு நிமிடத்தை. 2016 பிப்ரவரி 6, சண்டர்லாந்துடன் ஆட்டம். பெரிதாக்கிய புதிய மாடத்தில் சில டிக்கெட்டுகளுக்கு 77 பவுண்டு வைக்கப்போவதாகக் கிளப் அறிவித்திருந்தது. 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலையில் இருந்தது. ஓரளவு காலியான மைதானத்தில் இரண்டு கோல் வாங்கி 2-2 என்று முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, உயர்ந்த விலையைப் பழைய 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள்.

மைதானத்தைச் சுற்றிக்காட்டிய வழிகாட்டி அன்று வெளியேறியவர்களில் ஒருவர். எப்படி இருந்தது என்று கேட்டேன். “வெளியே வந்த பிறகு எங்கே போவதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிவதற்குள் வெளியே வந்து பழக்கமே இல்லை. சாலையில் நின்று உள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.”

2021 ஏப்ரல் 18-இல் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தங்களுக்குள் சூப்பர் லீக் தொடங்குவதாக அறிவித்தபோதும், ரசிகர்களின் எதிர்ப்பால் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் இரண்டே நாட்களில் பின்வாங்கின. தொடங்கிய கிளப்புகளுக்கு இறக்கமே இல்லாத லீக், தோற்றாலும் இடம் போகாது. முதலீட்டாளருக்கு அது பாதுகாப்பு. எதிர்ப்பவர்களுக்கோ தோற்றால் கீழே இறங்கும் அச்சம் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை. அதன் பிறகு லிவர்பூலில் ரசிகர் வாரியம் ஒன்றை அமைத்து, முக்கிய முடிவுகளில் அதைக் கேட்க வேண்டும் என்று கிளப்பின் விதிகளிலேயே எழுதினார்கள். அது எவ்வளவு தூரம் உயிரோடு இருக்கும் என்பதை ஒரு நாள் பயணியான நான் சொல்ல முடியாது. எழுதியாவது வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 17 – பரி

மான்செஸ்டரிலிருந்து மஞ்சள் நிற டிராமில் அரை மணி நேரம். கடைசி நிறுத்தம் பரி. விடியற்காலையிலிருந்து மழை. புகழ்பெற்ற சந்தையில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. இந்த ஊரின் பெருமையான, பன்றி இரத்தத்தில் செய்யும் கறுப்புத் தொத்திறைச்சியைக் கடுகு தடவிச் சூடாகக் கொடுத்தார்கள், 3 பவுண்டு. உப்பும் மிளகும் மிஞ்சிய சுவை. கடைக்காரர் நான் முதல் வாய் விழுங்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பரி கிளப்பின் மைதானமான கிக் லேனில் ஆட்டம் இருந்தது. நான்கு மணிக்குச் செய்தி வந்தது: மைதானத்தில் நீர் தேங்கியதால் தள்ளிவைப்பு. ஆனாலும் போனேன். வாயில் திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறு பேர் முள்வாரிகளால் புல்லைக் குத்தி நீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். “ஆட்டம் இல்லை, லவ். ஆனால் தேநீர் இருக்கிறது” என்று ஓர் அம்மையார் உள்ளே அழைத்தார். முன்பின் தெரியாதவரையும் அப்படி அழைப்பது வட இங்கிலாந்து வழக்கம். மூன்றாம் நாளாகியும் எனக்கு அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் இதமாக இருந்தது.

பரி கால்பந்துக் கிளப் 1885-இல் பிறந்தது. 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பை வென்றது, 1903 இறுதியாட்டத்தில் டெர்பி கவுண்டியை 6-0 என்று சாய்த்தது. 1894 முதல் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில் இடைவிடாமல் ஆடியது. 2019 ஆகஸ்ட் 27-இல் லீக் இந்தக் கிளப்பை வெளியேற்றியது.

தோற்றதற்காக வெளியேற்றவில்லை. அந்த வசந்தத்தில் அணி மேல் நிலைக்கு உயர்ந்திருந்தது. கட்டுப்படியாகாத சம்பளங்களால், கடனுக்குமேல் கடனாக, மைதானத்தையே அடமானம் வைத்து ஆண்டுகளாக ஓட்டியிருந்தார்கள். வாகன நிறுத்துமிடத்தைக்கூடக் கட்டம் கட்டமாக முதலீட்டாளர்களுக்கு விற்றிருந்தார்கள். 2018 டிசம்பரில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரத்தை லீக் புதிய உரிமையாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. போதுமான ஆதாரம் வரவே இல்லை. வாங்கிய பிறகு கேட்டால் எப்படி வரும் என்ற கேள்வி அப்போது யாருக்கும் எழவில்லை போலும். அந்தக் கடைசி வாரத்தில் கிளப்பின் முன்னாள் இயக்குநரான ஒரு பெண்மணி, மைதானத்து மழைநீர்க் குழாயோடு தன்னை விலங்கிட்டுக்கொண்டு நின்றார்.

கடைசி நாளன்று, வாங்க ஒருவர் வருகிறார் என்று நம்பி, ஊரார் வாளியும் துடைப்பமுமாக வந்து மைதானத்தைக் கழுவினார்கள். தேநீர் கொடுத்த அம்மையாரும் அன்று வந்திருக்கிறார். மேற்கிலிருந்து எத்தனையாவது வரிசைவரை தான் துடைத்தார் என்பதைக் கையால் காட்டினார். பேச்சு முறிந்த செய்தி மாலையில் வந்தது, வெளியேற்றிய செய்தி இரவில். “துடைத்த நாற்காலிகளில் அடுத்த நான்கு ஆண்டுகள் பாசி பிடித்தது” என்றார்.

ரசிகர்கள் புதிய கிளப் தொடங்கிப் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடினார்கள். இன்னொரு குழு அரசின் சமூக உரிமை நிதியிலிருந்து உதவி பெற்று 2022-இல் கிக் லேனை மீட்டது. இரு குழுக்களும் ஒன்றாகச் சேர்வதில் மனக்கசப்பு நிறைய. 2023-இல் சேர்ந்தார்கள். பரி என்ற பெயரில், சொந்த மைதானத்தில், ஒன்பதாம் நிலையில் மறுபடி ஆட்டம் தொடங்கியது.

முள்வாரியை வைத்துவிட்டு வந்த ஓர் இளைஞரிடம், ரசிகராக நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நான்கு நாட்களாக எல்லோரிடமும் கேட்டுவந்த கேள்விதான். கோப்பை, நல்ல பயிற்சியாளர், மேல் நிலை என்றெல்லாம் இதுவரை பதில் வந்திருந்தது. அவர் தேங்கிய நீரைப் பார்த்துக்கொண்டே, “அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டம் இருக்க வேண்டும்” என்றார்.

2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. மேல் ஐந்து நிலைகளில் ஆடும் கிளப்புகள் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். உரிமையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த அமைப்பு பார்க்கும். சின்னத்தையோ நிறத்தையோ ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. இந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த காரணங்களில் பரியும் ஒன்று. பரி இப்போது ஆடும் நிலைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பது என்னை வெகு நேரம் உறுத்தியது.

தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். நிதி உண்டியலில் போட்டேன்.

மார்ச் 18 – டுசல்டோர்ஃப்

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். ஜெர்மனியின் இந்த டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில்தான் 2005 மார்ச் 14-இல், பொருசியா டோர்ட்மண்ட் கிளப்பின் மைதானத்தை வைத்திருந்த நிதியின் முதலீட்டாளர்கள் கூடி, கடனில் மூழ்கிய அந்தக் கிளப்பை வாழவிடலாமா என்று வாக்களித்தார்கள். இத்தனை ஆண்டுகளும் நான்கு நாளும் பிந்தி, அதே விமான நிலையத்தின் ஒரு பெஞ்சில் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். செல்பேசியில் பெரிய கிளப்பிடமிருந்து ஒரு செய்தி: “உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?” பிறகு பார்க்கலாம் என்று மூடிவைத்தேன்.

மார்ச் 19 – டோர்ட்மண்ட்

தொத்திறைச்சிக் கடையில் கார்டு வாங்கவில்லை, பணம் மட்டும். என்னிடம் ஒரு நாணயமும் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண், “ஷால்கேக்காரர் இல்லையே?” என்று பக்கத்து ஊர்ப் போட்டிக் கிளப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டு, இல்லை என்றதும் 5 யூரோவை நீட்டிவிட்டார். திருப்பிக் கொடுக்க வழி கேட்டேன், கையசைத்துப் போய்விட்டார்.

மைதானத்தில் 81,365 பேர் கொள்ளும். தெற்கு மாடத்தில் மட்டும் ஏறக்குறைய 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ஆளில்லாத அந்த மாடத்தின் உச்சிக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. படிகள் வெறும் சிமெண்ட், கம்பிகள் முழுக்க ஒட்டுத்தாள்கள். மெத்தைக்கு இங்கே இடமில்லை. இங்கே இருக்கை போட்டு இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்கலாம் என்பது இவர்களுக்கும் தெரியும். விற்கவில்லை.

காரணம் ஒரு விதி. ஜெர்மனியில் 1998-இல் கிளப்புகளின் தொழில்முறை அணிகளை நிறுவனங்களாக மாற்ற அனுமதித்தபோது, 50-உடன் 1 என்ற நிபந்தனையையும் வைத்தார்கள். வாக்குரிமையில் பாதிக்குமேல் உறுப்பினர் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். டோர்ட்மண்ட் 2000-இல் பங்குச் சந்தைக்குப் போன கிளப். ஆனால் சந்தையில் பங்கு வாங்கியவர் நிர்வாகத்தை நியமிக்க முடியாது. லெவர்குசன், வுல்ஃப்ஸ்பர்க் போன்ற நிறுவன ஊர்க் கிளப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு இன்றும் மற்ற ஊர்களில் கசப்பைக் கிளப்புகிறது.

இந்த விதி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. பங்குச் சந்தைப் பணத்தைக் கண்டபடி செலவழித்து 2005-இல் திவால் விளிம்புக்கு வந்ததும் இதே டோர்ட்மண்ட்தான். போட்டியாளரான பயர்ன் மியூனிக்கே 20 லட்சம் யூரோ கடன் கொடுத்திருந்தது. பக்கத்து ஊர் ஷால்கே முழுக்க உறுப்பினர்களுடையது. கோடிக்கணக்கான கடனில் மூழ்கி 2021-இல் கீழே இறங்கியது. 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பயர்னே பட்டம் வென்றது. வெளிப்பணம் வந்தால்தான் போட்டி இருக்கும் என்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனாலும் வழிகாட்டியான மாணவர் சொன்ன ஒரு குளிர்காலத்தை நினைக்கிறேன். 2023 டிசம்பரில் 36 கிளப்புகளில் 24 வாக்களித்து, லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதம்வரை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தன. தேவைப்பட்டதும் சரியாக 24 வாக்குகள்தான். ரசிகர்கள் முதல் 12 நிமிடம் வாய் திறக்காமல் நின்றார்கள். பிறகு டென்னிஸ் பந்துகளை மழையாகக் கொட்டி ஆட்டத்தை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில், ஊர் ஊராக. 2024 பிப்ரவரி 21-இல் லீக் திட்டத்தைக் கைவிட்டது.

“நீங்களும் எறிந்தீர்களா?” என்று கேட்டேன். “பந்து வாங்க எங்கள் ஊர்க் கடையில் போனபோது ஒன்றுகூட மிச்சமில்லை” என்றார் மாணவர்.

மார்ச் 20, 21 – ஹாம்பர்க்

ரயில் நடுவழியில் நின்று, இணைப்பு ரயிலும் போய், இரவு பதினொன்றரைக்குத்தான் ஹாம்பர்க் சேர்ந்தேன். கால்கள் வலித்தன. காலையில் துறைமுகத்தில் வெங்காயம் வைத்த மீன் ரொட்டி, 5 யூரோ. எலும்பைத் துளைக்கும் காற்று.

மில்லர்ன்டோர் மைதானம் நகரின் நடுவே, பெரிய போர்க்காலப் பதுங்கு கோபுரம் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பெயரை எந்த நிறுவனத்துக்கும் விற்பதில்லை என்று 2007-இல் இங்கே ஆடும் சாங்க்ட் பவுலி கிளப்பின் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். 2003-இல் பணமில்லாமல் தவித்தபோது ‘மீட்பர்’ என்று அச்சிட்ட சட்டைகளை விற்றுத் தப்பிய கிளப் இது. 2024 நவம்பரில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, ஒரு பங்கு கட்டணத்தோடு 850 யூரோ என்று விற்றார்கள். 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். சேர்ந்தது சுமார் 2.9 கோடி யூரோ. அந்தப் பணத்தில் மைதானத்தின் பெரும்பங்கு சங்கத்துக்குப் போனது. எவ்வளவு பங்கு வாங்கினாலும் வாக்கு ஒன்றுதான்.

அருங்காட்சியகத்தில் நின்ற தொண்டர் தன் பங்குப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். லாபம் வருமா என்று கேட்டேன். எதிர்பார்க்கவில்லை என்றார். “கோலுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டில் ஒரு துண்டு என்னுடையது. எந்தத் துண்டு என்று தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறேன்.” பேசிக்கொண்டே கீழே கிடந்த காகிதக் குவளையைப் பொறுக்கினார்.

அறைக்குத் திரும்பியபோது பெரிய கிளப்பிடமிருந்து நினைவூட்டல் வந்திருந்தது. திறந்தேன். இருக்கை வசதியா, உணவு சூடாக இருந்ததா, கழிப்பறை சுத்தமா, பணியாளர் மரியாதையாக நடந்தாரா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்வரை கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்தேன். அவற்றில் குறை எதுவும் இல்லை. மீண்டும் வருவீர்களா என்ற கேள்வியைத் தொடாமல் விட்டேன். கடைசியில், வேறு கருத்துகள் இருந்தால் எழுதலாம் என்று ஒரு வெற்றுக் கட்டம்.

“பதினான்காம் வரிசை, 112, 113. இந்த இரண்டு இருக்கைகளுக்கும் உரியவர் நேர் பின்னால் பதினைந்தாம் வரிசையில் பேத்தியோடு இருக்கிறார். அவரிடம் திருப்பிக் கொடுங்கள்” என்று எழுதி அனுப்பினேன்.